காற்று திரும்பி அடிக்கும்: புயல் வருமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டின் வடக்குப் பக்க ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தோம். தெற்குப் பக்கக் கொல்லைக் கதவுக்கு வெறும் தாழ்ப்பாள்தான். கஜா புயலில் எங்கள் ஓட்டுக் கூரை போனது அந்தக் கொல்லைக் கதவால்தான்.

வேதாரண்யம் தாலுகாவில் ஆயக்காரன்புலம் பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையேறியது. முதலில் வாடைக்காற்று, வடக்கிலிருந்து விடாமல் அடித்தது. அப்புறம் ஒரேயடியாக ஓய்ந்துவிட்டது. மழைகூட நின்றது. எதிர்வீட்டு அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். "முடிஞ்சிடுச்சு போலருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் மாட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்தார். ஓர் உலை கொதிக்கிற நேரம் போயிருக்கும். காற்று இந்த முறை தெற்கிலிருந்து வந்தது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் அந்தக் கதவை மூட முடியவில்லை. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கியது. ஓடுகள் சீட்டுக்கட்டு மாதிரி பறந்தன.

நான் சத்துணவு அமைப்பாளராக 26 வருடம் வேலை பார்த்தவள். எங்கள் பள்ளிக்கூடம்தான் ஊருக்குப் புயல் முகாம். முகாமுக்கு வருகிறவர்கள் எதைக் கொண்டுவருகிறார்கள், எதை விட்டுவிட்டு வந்து தவிக்கிறார்கள் என்று பல முறை பார்த்திருக்கிறேன். என் வீட்டில் பட்டதையும் பள்ளியில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை மாவட்டத்தில் இருக்கும் யாருக்கும் இது உதவும்.

காற்று எந்தப் பக்கம் வரும்

வங்கக் கடலில் உருவாகும் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அது கிழக்கிலிருந்து மேற்காக நம்மை நோக்கி வரும்போது, நாம் எங்கே இருந்தாலும் முதலில் அடிப்பது வடக்கத்திக் காற்று. கடந்துபோன பிறகு கடைசியில் அடிப்பது தெற்கத்திக் காற்று. நடுவில்தான் வித்தியாசம். புயலின் மையத்துக்கு வடக்கே உங்கள் ஊர் இருந்தால் காற்று கிழக்கு வழியாகச் சுற்றித் தெற்கே போகும். அதாவது கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். கடல் தண்ணீரை ஊருக்குள் தள்ளுவது இந்தக் காற்றுதான். மையத்துக்குத் தெற்கே இருந்தால் மேற்கு வழியாகச் சுற்றும். மையம் உங்கள் தலைக்கு மேலேயே போனால் வடக்கு, அப்புறம் அமைதி, அப்புறம் நேர் எதிராகத் தெற்கு. எங்களுக்கு நடந்தது இதுதான்.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் அடித்த புயலைப் பார்த்தவர் என் மாமியார். "காத்து திரும்பி அடிக்கும், பொறு" என்று அன்று ராத்திரி அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நாங்கள் காதில் வாங்கவில்லை.

அதனால் முதல் வேலை, வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து நான்கு பக்கத்தையும் பார்ப்பது. வடக்கே என்ன ஜன்னல், தெற்கே என்ன கதவு, எந்தத் தாழ்ப்பாள் லொடலொடக்கிறது, எந்த மரம் எந்தப் பக்கம் விழும். ஒரு பக்கத்தை மட்டும் கட்டினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

எச்சரிக்கையைப் படிக்கும் விதம்

'குறைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்று செய்தியில் வந்ததும் நான் அரிக்கேன் விளக்கைத் துடைத்து வைத்துவிடுவேன். அது வலுத்தால் தாழ்வு மண்டலம், பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலம். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல் என்று பெயர் வைப்பார்கள். 89 தொட்டால் தீவிரப் புயல். 60 கிலோமீட்டர் காற்றைவிட 120 கிலோமீட்டர் காற்று இரண்டு மடங்கு பலம் என்று நினைக்க வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் சுவரையும் கூரையையும் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். போன வருடம் ஒரு காற்றுக்குத் தாங்கிய வீடு இந்த வருடமும் தாங்கும் என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

மழைக்கு வரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளில் சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள். காற்று அவ்வளவு இல்லாவிட்டாலும் தண்ணீர் வீட்டுக்குள் வரும் அளவு அது.

வரைபடத்தில் புயல் போகும் ஒற்றைக் கோட்டை மட்டும் பார்த்து "நமக்கு இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். கஜா முதலில் வடக்கே கடக்கும் என்றுதான் பேச்சு இருந்தது. நாளாக நாளாகத் தெற்கே இறங்கியது. கோட்டின் இரண்டு பக்கமும் விரிந்து வரும் பகுதிக்குள் உங்கள் ஊர் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கூரை

எங்கள் பக்கம் நான்கு வகை வீடு உண்டு. மாடி வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதைத்தான் மறப்பார்கள். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய் வாயை மாவிலையும் சருகும் அடைத்திருக்கும். 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். 20 சென்டிமீட்டர் பெய்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏணி வைத்து ஏறி, கையை விட்டு, சருகை எடுங்கள். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். காலித் தொட்டி காற்றில் பறக்கும். நிரம்பிய தொட்டி அசையாது, குடிக்கவும் ஆகும்.

ஓட்டு வீட்டில் காற்று முதலில் பிடிப்பது தாழ்வார ஓரத்தை. கைமரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அதைக் கட்டுக்கம்பியால் சுவர்மேல் இருக்கும் உத்திரத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். முகட்டு ஓட்டில் சாந்து பெயர்ந்திருந்தால் புரட்டாசியிலேயே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிடுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு கொத்தனார் கிடைக்க மாட்டார். உபரியாக ஐம்பது ஓடு கொல்லையில் இருக்கட்டும். கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கம் ஓட்டுக்கு நாய் படாத பாடு பட்டோம்.

ஷீட் வீடு என்றால் சிமெண்ட் சாக்கில் பாதி அளவு மணல் நிரப்பி, இரண்டு சாக்கை ஒரு கயிற்றின் இரு முனையில் கட்டி, முகட்டின் இரு பக்கமும் தொங்கும்படி போடுங்கள். செங்கல்லையும் கருங்கல்லையும் மேலே வைக்காதீர்கள். ஷீட் எழும்பினால் அந்தக் கல்தான் யார் தலையிலாவது விழும்.

கீற்றுக் கூரைக்கு எங்கள் கடலோர ஆட்கள் செய்வதுதான் சிறந்த வழி. பழைய மீன்வலையைக் கூரை முழுக்கப் போர்த்தி, ஓரங்களை முளையடித்துக் கட்டிவிடுவார்கள். கீற்று பறக்காது. ஆனால் கூரை வீட்டிலும் ஷீட் வீட்டிலும் புயல் ராத்திரியில் ஆள் தங்கக் கூடாது. கட்டுவது பொருளைக் காப்பாற்ற, உயிருக்கு முகாம்தான்.

15-க்கு 12 அடி தார்ப்பாய் ஒன்றை மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். புயல் போன மறுநாள் அதன் விலையைக் கேட்க முடியாது, சரக்கும் இருக்காது.

கதவும் ஜன்னலும்

காற்று வீட்டுக்குள் புகாமல் இருப்பதுதான் கூரையைக் காப்பாற்றும். ஜன்னல் கண்ணாடியில் பிளாஸ்டர் ஒட்டுவது காற்றைத் தடுக்காது. அந்த நேரத்தில் ஒரு பலகையையோ பழைய கட்டில் சட்டத்தையோ வெளிப்பக்கம் அடித்துவிடலாம். கதவுக்கு உள்பக்கம் இரண்டு நிலைக்காலிலும் இரும்புக் கொக்கி அடித்து, குறுக்கே ஒரு சவுக்குக் கட்டையைப் போடும்படி செய்யுங்கள். பழைய வீடுகளில் எல்லாம் இது இருந்தது. புது வீடு கட்டும்போது நாம்தான் எடுத்துவிட்டோம். எங்கள் வீட்டில் இப்போது வாசலுக்கும் கொல்லைக்கும் இரண்டு கட்டை இருக்கிறது. ஆசாரி கூலியும் சேர்த்து அதிகம் ஆகவில்லை.

வாசலில், மாடியில், கொல்லையில் கிடப்பதையெல்லாம் உள்ளே எடுங்கள். டிஷ், பூந்தொட்டி, கோழிக்கூண்டு, பிளாஸ்டிக் நாற்காலி, அடுக்கி வைத்த தகரம். பக்கத்து வீட்டுக் காலி மனையில் கிடக்கும் தகரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பறந்து வரும் தகரம் அரிவாள் மாதிரி வெட்டும்.

மரமும் மாடும்

தென்னையில் முற்றிய காய்களையும் அடி மட்டைகளையும் இரண்டு நாள் முன்பே இறக்கிவிட்டால் தலைக்கனம் குறையும், மரம் தாக்குப்பிடிக்க வாய்ப்பு கூடும். எங்கள் கொல்லையில் 40 மரம் இருந்தது. மறுநாள் நின்றது 6. காய் இறக்கியிருந்தால் எத்தனை நின்றிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. முருங்கை தானே முறியும், கழித்துவிடுங்கள், மறுபடி துளிர்க்கும். வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் மாங்கிளையை ஆள் வைத்து வெட்டுங்கள். மின்கம்பியில் உரசும் கிளை என்றால் நீங்கள் தொடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லுங்கள்.

மாட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கட்டுத்தறியில் கட்டிப்போட்டு, கொட்டகை சரிந்து, எங்கள் தெருவிலேயே மூன்று மாடுகள் செத்தன. கயிற்றை அவிழ்த்து விட்டிருந்தால் அவை தப்பித்திருக்கும். மாடு தனக்கு மேடான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். ஆடு, கன்றுக்குட்டி, கோழியை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி வீடு நாறினால் நாறட்டும்.

புயல் ஒரு ராத்திரி, இருட்டு மூன்று வாரம்

எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது 23-ஆம் நாள். மின்கம்பங்கள் வரிசையாக ஒடிந்து கிடந்தன. கேரளத்திலிருந்துகூட ஆட்கள் வந்து நட்டார்கள். புயலுக்கு ஒரு நாள் சாப்பாடு எடுத்து வைத்தால் போதும் என்று நினைத்திருந்தோம். அடுத்த மூன்று வாரம் என்ன செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி.

தண்ணீர்தான் முதலில் தீரும். கரண்டு இல்லை என்றால் மோட்டார் இல்லை, ஊர் மேல்நிலைத் தொட்டியும் காலி. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் வையுங்கள். ஐந்து பேருக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர், ஏறக்குறைய பத்துக் குடம். குளிக்க, கழுவ, கக்கூஸுக்கு வேறு. அண்டா, டிரம், குழம்புச் சட்டி வரை நிரப்பி மூடி வைத்துவிடுங்கள். தெருவில் அடிபம்பு இருந்தால் புரட்டாசியிலேயே அதற்கு வாசர் மாற்றச் சொல்லுங்கள். எங்கள் தெருவைக் காப்பாற்றியது பிள்ளையார் கோயில் பக்கத்து அடிபம்புதான். விடியற்காலை மூன்று மணிக்கே வரிசை நிற்கும். வெள்ளம் ஏறி இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கவே கூடாது.

சாப்பாட்டுக்கு அரிசி பருப்பு எல்லார் வீட்டிலும் இருக்கும். அடுப்பு மூட்ட முடியாத முதல் இரண்டு நாளுக்கு என்ன என்று யோசியுங்கள். அவல், வெல்லம், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வாழைப்பழம், பால் பவுடர். அவலைத் தண்ணீரில் நனைத்து வெல்லம் போட்டால் குழந்தையும் சாப்பிடும், பல் இல்லாத கிழவியும் சாப்பிடுவாள். மிக்ஸி ஓடாது, அம்மியைக் கழுவி வையுங்கள். எரிவாயு தீர்ந்துபோனால் உடனே வராது. காய்ந்த விறகும் தேங்காய் மட்டையும் பரணில் இருக்கட்டும். தண்ணீர் ஏறும் பகுதி என்றால் சிலிண்டர் மிதக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள்.

கையில் பணம் வையுங்கள், பத்தும் இருபதும் ஐம்பதுமாக. ஏடிஎம்மும் போனில் பணம் அனுப்புவதும் கரண்டோடு போய்விடும். வண்டியில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். போனை முழுக்க சார்ஜ் செய்து, முக்கியமான எண்களை ஒரு அட்டையில் பேனாவால் எழுதுங்கள். மகள் எண் கூட எனக்கு மனப்பாடம் இல்லை என்பது போன் அணைந்த பிறகுதான் தெரிந்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. பேச்சு போகாதபோதும் சில நேரம் குறுஞ்செய்தி போகும். "நல்லா இருக்கோம்" என்று அனுப்பிவிட்டு போனை அணைத்துவிடுங்கள். பேட்டரி போட்ட சின்ன ரேடியோ ஒன்று இருந்தால் காரைக்கால் பண்பலையில் செய்தி கேட்கலாம்.

மருந்து ஒரு மாதத்துக்கு வேண்டும். என் மாமியாருக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் நின்றதும் பயந்துபோனோம். பெரிய மண்சட்டியில் மணல் போட்டு நனைத்து, அதற்குள் சின்ன மண்பானை வைத்து, மருந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடினோம். மணலில் தினம் இரண்டு முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் இன்சுலின் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எவ்வளவு நாள் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

முகாமுக்குப் போகும் பை

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். இதை யாரும் மறப்பதில்லை. மறப்பது வேறு. மூக்குக் கண்ணாடி, பல்செட், பிரஷர் மாத்திரை, பெண்களுக்கு மாத நாப்கின், கைக்குழந்தைக்கு மாற்றுத் துணி, மூத்தவர்களுக்கு ஊன்றுகோல். ஒரு முறை முகாமில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் என் சேலையைப் பிடித்துக் கிழிசல் துணி கேட்டாள். அதற்குப் பிறகு பள்ளி பீரோவில் நாப்கின் வைக்காமல் ஒரு ஐப்பசியும் போனதில்லை.

போவதென்றால் வெளிச்சத்தில் போங்கள். சாயங்காலம் நான்கு மணிக்குள் முகாமில் இருக்க வேண்டும். "காத்து ஆரம்பிச்சதும் போய்க்கலாம்" என்றவர்களால் அப்புறம் தெருவையே தாண்ட முடியவில்லை, மரம் குறுக்கே விழுந்துவிட்டது. ஆண்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றுவிடுவார்கள். தயவுசெய்து நிற்காதீர்கள். நீங்கள் நின்றதால் எந்தக் கூரையும் நிலைத்ததில்லை.

அந்த ராத்திரி

உறுதியான மாடி வீட்டில் இருக்கிறீர்கள், வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் மட்டும் இது. மெயின் சுவிட்சை அணையுங்கள். ஜன்னல் இல்லாத, நடுவில் இருக்கும் சின்ன அறையில் எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். செருப்பு காலிலேயே இருக்கட்டும். கண்ணாடியும் ஓடும் உடைந்து கிடக்கும். டார்ச், விசில், வெட்டரிவாள், கயிறு கைக்கெட்டும் இடத்தில். மறுநாள் மரத்தை வெட்டித்தான் வாசலைத் தாண்ட வேண்டியிருக்கும்.

காற்று சட்டென்று நின்றால் கதவைத் திறக்காதீர்கள். நட்சத்திரம் தெரிந்தாலும் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: உள்ளே இருந்தபடியே எதிர்ப்பக்கக் கதவின் குறுக்குக்கட்டையைத் தட்டிப் பார்த்து, ஆட்களைக் காற்று வரப்போகும் பக்கத்திலிருந்து நகர்த்துவது. புயல் கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லும் வரை உள்ளேயே இருங்கள்.

விடிந்த பிறகு

அறுந்து கிடக்கும் கம்பி எதையும் மிதிக்காதீர்கள், "கரண்டுதான் இல்லையே" என்றாலும். யாரோ ஒருவர் ஜெனரேட்டரை வீட்டு இணைப்பில் நேராகச் செருகியிருப்பார். மெயினை அணைக்காமல் அப்படிச் செய்தால் கரண்டு கம்பி வழியாக வெளியே போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்லும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓட்டவும் கூடாது, அதன் புகைக்கு வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும் குணம் உண்டு.

விறகு, ஓட்டுக் குவியல், பாய்ச் சுருள் எதையும் கம்பால் தட்டிவிட்டுத் தொடுங்கள். பாம்பும் தேளும் காய்ந்த இடம் தேடி வந்திருக்கும்.

குப்பையை அள்ளுவதற்கு முன், இடிந்த சுவர், போன கூரை, விழுந்த மரம், செத்த மாடு ஒவ்வொன்றையும் வீட்டு எண் தெரியும்படி போனில் படம் எடுங்கள். கணக்கெடுக்க ஆள் வரும்போது பலர் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு, காட்ட ஒன்றுமில்லாமல் நின்றார்கள்.

மழை விட்டு வெயில் வந்ததும் தார்ப்பாயை மடித்து வைக்குமுன் இரண்டு நாள் காய வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து அடுத்த வருடம் மடிப்பு மடிப்பாகக் கிழியும்.